ஏழு தாளிலும் ஒரே கொம்பு

13.2.2006, திங்கள்

இன்று செய்த பிழை: நான்காம் தாளில் மாட்டின் அடையாளம் எழுத வேண்டிய இடத்தில் ‘முன்னது போலவே’ என்று எழுதிவிட்டேன். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று சார் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். சோம்பல்தான் காரணம் என்று நினைக்கிறேன். நாளை அழித்துவிட்டு முழுதாக எழுத வேண்டும்.

வளவன் நாட்குறிப்பை மூடினான். சோம்பல்தானா என்று சந்தேகம் வந்தது. நான்கு தாள்களையும் பாயில் வரிசையாக வைத்துப் பார்த்தான்.

முதல் தாளில், செவலைப் பசு, நெற்றியில் வெள்ளை, இடக்கொம்பு உள்பக்கம் வளைந்தது, ஏழு மாதச் சினை. இரண்டாம் தாளிலும் செவலைப் பசு, நெற்றியில் வெள்ளை, இடக்கொம்பு உள்பக்கம் வளைந்தது, ஏழு மாதச் சினை. மூன்றாம் தாளை அவன் படிக்கவில்லை. படிக்காமலே தெரிந்தது.

வளவனுக்கு வயது இருபத்திரண்டு. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளை விரலால் தட்டி, சத்தத்தை வைத்து விரிசல் கண்டுபிடிக்க வேண்டும். நாளைக்கு மூவாயிரம் கட்டை. ஒரே கட்டையை இரண்டு தரம் எண்ணினான் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவன் சம்பாதித்தது. அதையும் எட்டு மணி நேரம் நின்றபடியே சம்பாதித்திருந்தான்.

தரப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. புள்ளிவிவரச் சான்றிதழ் கொண்டுவந்தால் அது உனக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வளவன் அந்த நாற்காலியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். ஒரு கால் ஆடியது. பரவாயில்லை, அட்டை மடித்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தான்.

சான்றிதழுக்காகத்தான் மாலை வகுப்பு. கடைவீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே நடந்தது. நடத்துகிற சக்கரபாணி சார் முப்பது வருடம் புள்ளிவிவரத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பயிற்சியாக ஆளுக்கொரு கணக்கெடுப்பு கொடுத்தார். வளவனுக்குக் கிடைத்தது ‘கால்நடை நலன்: பொதுமக்கள் பார்வையும் விவசாயிகள் பார்வையும்’. டவுனில் ஏழு பேர், மாடு வளர்ப்பவர்கள் ஏழு பேர். சனிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

டவுன் ஏழு பேரையும் கம்பெனி எதிரே டீக்கடையிலேயே முடித்துவிட்டான். முதல் ஆள், கூட வேலை பார்க்கிற ஜெயராஜ்.

“மாடு வளக்கறவங்க மாட்டை நல்லாப் பாத்துக்கறாங்களாண்ணே?”

“எங்கடா பாக்கறான்? பால் இருக்கற வரைக்கும் அம்மா. பால் நின்னா அடிமாடு. நெனச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது, எழுதிக்கோ. மாஸ்டர், இன்னொரு டீ, பால் கொஞ்சம் தூக்கலா.”

“உங்க வூட்ல மாடு இருக்குதா?”

“இருக்குதே. காலண்டர்ல.”

மற்ற ஐந்து பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர், மாட்டை வெயிலில் கட்டிப்போடுகிறவனை அதே வெயிலில் கட்டிப்போட வேண்டும் என்றார். ஏழாவது ஆள் மட்டும், மாட்டைப் பற்றித் தெரியாது, தயிரைப் பற்றி வேண்டுமானால் கேள் என்றார்.

விவசாயிகள்தான் கஷ்டம். வளவனுக்குக் காலை ஷிப்ட், ஆறிலிருந்து இரண்டு. இரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் கம்மாபுரத்தைத் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் மூன்றரைக்கு இறங்கலாம். அங்கே கீழத்தெருவில் சரியாக ஏழு வீடு. ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினால்தான் ஆறரை வகுப்பு. எனவே நாளைக்கு ஒரு வீடு, தெரு வரிசைப்படி என்று திட்டம் போட்டான். வெள்ளிக்கிழமை தொடங்கினான்.

முதல் வீடு அர்ச்சுனனுடையது. ஐம்பது வயது, கரும்பு விவசாயி. வளவன் பையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

அந்தப் பக்கம் கட்டம் போட்ட தாளோடு வருகிறவர்கள் ஒரே வகைதான். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க அளக்க வருகிறவர்கள். வேப்பமரம் எத்தனை, கிணறு எத்தனை, கொட்டகை எத்தனை என்று எழுதிக்கொண்டு போவார்கள். அப்புறம் ஒரு நாள் அந்தத் தெரு இருக்காது.

“நான் சுரங்கத்துலருந்து வரலைங்க. மாலை வகுப்புங்க. மாட்டைப் பத்தி நாலு கேள்வி, அவ்ளோதான்.”

“போன தடவ வந்தவரும் சும்மா பாத்துட்டுப் போறேன்னுதான் சொன்னாரு. தெக்குத்தெருவே போயிடுச்சி. அவரு மொதல்ல தண்ணி கேட்டாரு. நீங்க கேக்கல?”

“வேணாங்க.”

“அதான பாத்தேன். புது மாதிரி.”

கொட்டகையில் ஒரே ஒரு பசு நின்றது. காலுக்கடியில் ஆற்று மணல் பரப்பியிருந்தது. கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. பசு வைக்கோலை ஒதுக்கிவிட்டு அகத்திக்கீரையை மட்டும் தின்றுகொண்டிருந்தது.

“மத்ததுங்க?”

“மேயப் போயிருக்குது. இது சினை. ஏழு மாசம். அதான் வூட்ல.”

“மாடு உங்களுடையதா? ஆமா, இல்லைன்னு பதில் வேணுங்க.”

அர்ச்சுனன் மாட்டைப் பார்த்தார். அப்புறம் தாளைப் பார்த்தார்.

“பின்ன? ஆமான்னு எழுதுங்க. கொஞ்சம் அழுத்தி எழுதுங்க.”

“வாங்கினதா, வளர்ப்பா?”

“இந்த மண்ணுல பொறந்தது.”

“வயசானா விப்பீங்களா?”

“எங்க வூட்ல வயசானா மொதல்ல என்னத்தான் விப்பாளுங்க. இதும்மேல கை வெக்க மாட்டாளுங்க.”

“பேரு?”

“மகாலட்சுமி.” கூப்பிட்டுக் காட்டினார். பசு திரும்பியது.

அன்று வளவன் நாட்குறிப்பில் ‘நல்ல தொடக்கம்’ என்று எழுதினான்.

சனிக்கிழமை இரண்டாவது வீடு. பெரியநாயகி என்ற அறுபது வயது அம்மாள். கொட்டகையில் ஒரு சினைப்பசு கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தது.

“மாட்டை அடிப்பீங்களாம்மா?”

“திட்டுவேன். எம் புருசனையுந்தான் திட்டறேன். அதுக்குத் தாள் இருக்குதா?”

“இல்லைங்கம்மா. மாடு வெயில்ல நின்னா என்ன செய்வீங்க?”

“என்ன செய்யறது? மாசி பனிக்கு அதுவா எழுந்து போய் வெயில்ல நிக்குது. டவுன்காரங்க குடை புடிச்சிக்கினு பாத்தா பாவமாத்தான் இருக்கும். அது முதுகு காயுதேன்னு சந்தோசமா நிக்கும். மாட்டுக்குச் சூடு பத்தலன்னாலும் சொல்லத் தெரியும், ஏறுனாலும் சொல்லத் தெரியும். கேக்கத் தெரிஞ்சவன்தான் வேணும்.”

வளவன் அதை முழுதாக எழுதிக்கொண்டான். கட்டத்துக்கு வெளியே வழிந்தது.

“பேருங்கம்மா?”

“இவளா? சின்னப்பொண்ணு.” பசு திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வீடு, கோதண்டபாணி. அந்தப் பசுவுக்கு ‘டீச்சரு’ என்று பெயர். “தவிடு காட்ட அஞ்சி நிமிசம் லேட்டானா ஒண்ணும் சொல்லாது. சும்மா மொறச்சிப் பாக்கும். எங்க மூணாங்கிளாஸ் டீச்சர் அப்படித்தான்” என்றார். டீச்சரு என்றதும் பசு திரும்பி முறைத்தது. மாடு மகிழ்ச்சியாக இருப்பது எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, “அசை போடுதா? போடுது. காதுல ஈ உக்காந்தா ஒதறுதா? ஒதறுது. எனக்கே அவ்ளோ நிம்மதி கெடையாது” என்றார்.

திங்கட்கிழமை நான்காவது வீடு. அங்கேதான் கை தானாக ‘முன்னது போலவே’ என்று எழுதியது.

பாயில் கிடந்த நான்கு தாள்களைப் பார்த்தபோது வளவனுக்கு மூன்று விளக்கங்கள் தோன்றின. ஒன்று, அந்த ஊர் மாடுகளுக்கே அப்படி ஒரு வாகு. இரண்டு, தனக்குப் பார்க்கத் தெரியவில்லை. மூன்று, ஒரே மாட்டை வீடு வீடாக மாற்றிக் கட்டி ஏமாற்றுகிறார்கள். நெடுநேரம் யோசித்து, இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தான். அவன் வழக்கம் அது.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஐந்தாவது வீட்டுக்குப் போகும் வழியில் அர்ச்சுனன் கொட்டகையை எட்டிப் பார்த்தான். மணல் இருந்தது. மாடு இல்லை.

“மகாலட்சுமி எங்கங்க?”

“மேயப் போயிருக்குது.”

“சினைன்னு வூட்ல வெச்சிருக்கேன்னு சொன்னீங்க.”

“நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“எப்ப சொன்னாரு?”

“நேத்து.” அர்ச்சுனன் சிறிது யோசித்தார். “போன்ல.”

பெரியநாயகி கொட்டகையில் ஒரு எருமை மட்டும் நின்றது. கோதண்டபாணி கொட்டகையில் கோழி. ஐந்தாவது வீட்டில், உள்பக்கம் வளைந்த இடக்கொம்போடு ஒரு பசு நின்று அவனை முறைத்தது. அந்த வீட்டில் அதன் பெயர் செல்லக்கிளி.

டவுன்காரர்கள் சொன்னது நிஜமாகிவிடும்போல் இருந்தது. ஏழு வீட்டுக்கும் காட்டிக்கொள்ள ஒரே ஒரு நல்ல மாடு. அவன் வருகிறான் என்று தெரிந்து முன்கூட்டியே ஓட்டிக்கொண்டு வந்து கட்டுகிறார்கள்.

நிரூபிக்க ஒரு வழி இருந்தது. அவன் சட்டைப்பையில் எப்போதும் கம்பெனிக் கழிவில் பொறுக்கிய பீங்கான் வளையம் ஒன்றிரண்டு கிடக்கும். ஓரம் உடைந்த ஒன்றை எடுத்தான். ஐந்தாவது வீட்டு அம்மாள் மோர் எடுக்க உள்ளே போன நேரத்தில், பசுவின் கழுத்துக் கயிற்றில் சிவப்பு நூலால் கட்டிவிட்டான். நாளை ஆறாவது வீட்டில் இந்த வளையம் தெரிந்தால் கதை முடிந்தது.

புதன்கிழமை பஸ்ஸில் போகவில்லை. பஸ்ஸில் வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று ஜெயராஜின் சைக்கிளை வாங்கிக்கொண்டு வயல் பக்கமாகப் போனான். கடைசி வரப்பில் சைக்கிள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் விழுந்தார்கள். தாள்களை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். ஆறாவது வீட்டுக்காரரும் மனைவியும் ஓடிவந்து தூக்கினார்கள். கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். முழங்காலில் மஞ்சள் வைத்தார்கள்.

“ஆபீஸ்ல ஜீப்பு குடுக்கலையா சார் உங்களுக்கு?” என்று அந்த அம்மாள் கேட்டாள். “பாவம், சின்ன ஆபீசரு போல.”

கொட்டகையில் பசு நின்றது. கழுத்தில் வெள்ளை வளையம். சிவப்பு நூல்.

வளவன் நொண்டிக்கொண்டு எழுந்தான். இத்தனை நாளில் முதல் முறையாக அவனுக்குத் தன்மீது சந்தேகம் இல்லை.

“இந்த வளையம் இதுக்கு எப்படி வந்துச்சி?”

“நாங்கதான் கட்டுனோம் சார்” என்றார் ஆறாவது வீட்டுக்காரர் பெருமையாக. “இதுக்கு மட்டுமா? அதோ பாருங்க.”

மேய்ச்சல் முடிந்து மாடுகள் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தன. முப்பது மாடு இருக்கும். முப்பது கழுத்திலும் பீங்கான் வளையம். பின்னால் வந்த ஆடுகளுக்கும் வளையம். கடைசியில் வந்த நாய்க்கு ஒரு பியூஸ் கட்டை.

“நேத்து நீங்க ஒரு மாட்டுக்கு மட்டும் கட்டிட்டுப் போனத எங்க வூட்ல பாத்துட்டா. ஆபீஸ்ல வில்லை கட்டுன மாடுதான் கணக்குன்னா, மத்ததுங்க என்ன பாவம் பண்ணிச்சி? கோதண்டபாணி டிவிஎஸ்ஸுல போய் டவுன் பீங்கான் கம்பெனி குப்பையிலருந்து ஒரு மூட்டை அள்ளிக்கினு வந்துட்டாரு. உங்க நூலு கெடைக்கல. நாங்களே சாயம் போட்டோம்.”

வளவன் ஒவ்வொரு வளையமாகப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஓரம் உடைந்திருந்தது. எல்லாம் கழிவுதானே.

வியாழக்கிழமை கம்பெனியில் ஜெயராஜ் அவனைப் பிடித்துக்கொண்டார். “டேய், உன் கிராமத்து ஆளுங்க நம்ம கழிவுக் குவியலயே வாரிக்கினு போயிட்டாங்களாம். மாட்டைக் கரண்டுக் கம்பத்துல கட்டறானுங்க, ஷாக் அடிக்காம இருக்க பீங்கான் மாட்டறானுங்கன்னு மேனேஜரே சொல்றாரு. நான் சொன்னன்ல? ஈவு எரக்கம் இல்லாதவனுங்க.”

“அப்படி இல்லண்ணே.”

“பின்ன எப்படி?”

வளவன் யோசித்துக்கொண்டே அடுத்த கட்டையைத் தட்டினான். கொட்டகையில் பார்த்த மணலும் மூட்டமும் பொய்யா? பருத்திக்கொட்டை அரைத்து வைத்திருந்தார்களே, அது பொய்யா? அந்த மாடு கொழுகொழுவென்று இருந்தது. அடித்துத் துரத்தப்பட்டு வீடு வீடாக இழுக்கப்படுகிற மாடு அப்படி இருக்காது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஏழாவது வீட்டுக்குப் போனான். பசு அங்கே இருந்தது. பெயர் ராசாத்தி. திரும்பியது. அவனைப் பார்த்ததும் எழுந்துகூட நின்றது. அவர்கள் இருவருக்கும் இப்போது நல்ல பழக்கம்.

அன்று மாலை சக்கரபாணி சார் ஏழு தாளையும் வாங்கி மேசையில் விரித்தார்.

“ஏழு மாட்டுக்கும் இடக்கொம்பு வளைஞ்சிருக்கு.”

“அந்த மண்ணு வாகா இருக்கலாம் சார்.”

“ஏழும் ஏழு மாசச் சினை.”

வளவன் தலையாட்டினான்.

“பேர் மட்டும் ஏழும் வேற வேற.”

“கூப்பிட்டா திரும்புது சார். ஏழு பேருக்கும்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்பட்டால் கத்துகிறவர் இல்லை. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சமன் செய்து, அவனிடமே திருப்பி நீட்டினார்.

“முப்பது வருசத்துல எனக்கு இல்லாத மாட்டையெல்லாம் காட்டியிருக்காங்க. இது புதுசில்ல. ஆனா ஒண்ணை ஏழா எண்ணினவனுக்கு நான் சான்றிதழ்ல கையெழுத்துப் போட மாட்டேன். உனக்கு ரெண்டு வழி. ஏழு தாளையும் கிழிச்சிட்டு அடுத்த வருசம் மறுபடி சேரு. இல்லன்னா ஒவ்வொரு தாள்லயும் மொத கேள்விக்கு நேரா ‘தவறான தகவல், மாடு இவருடையது இல்லை’ன்னு எழுதி, நீயே கையெழுத்துப் போடு. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். டவுன்காரங்க சொன்னதோட பொருந்தியும் வரும். சான்றிதழ் கெடைக்கும்.”

ஆடும் காலோடு நாற்காலி வளவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. உட்கார அவனுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போனான். எட்டாவது நாள், எழுத வீடு இல்லை. நேராக அர்ச்சுனன் கொட்டகைக்குப் போனான். பசு அங்கே மணலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஒரே கேள்விதான். இது யாரு மாடு?”

“எழுதிக்கினு போனீங்களே. என் மாடு.”

“சனிக்கிழமை இது பெரியநாயகி அம்மா வூட்ல இருந்துச்சி.”

குரல் கேட்டு பெரியநாயகி வந்துவிட்டாள். “இருந்துச்சி. என் மாடு.”

“இப்பதான் இவரு தன் மாடுன்னாரு.”

“அவரு சொல்லிட்டுப் போறாரு. என் மாடு.”

கோதண்டபாணி டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். விஷயம் என்னவென்று கேட்கவே இல்லை. “டீச்சரு எங்க வூட்டு மாடு” என்றார். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஏழு பேரும் ஏழு பெயர் சொல்லி அது தங்கள் மாடு என்றார்கள். ஒருவரும் அடுத்தவரை மறுக்கவில்லை. பசு ஒவ்வொரு பெயருக்கும் திரும்பித் திரும்பிக் கடைசியில் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“இப்படிச் சொன்னா ஏழு பேரும் பொய் சொன்னீங்கன்னு நான் எழுதணும்” என்றான் வளவன். “எனக்கு எழுத இஷ்டம் இல்லீங்க. நீங்க மாட்டை எப்படிப் பாத்துக்கறீங்கன்னு நான் பாத்தேன். டவுன்ல அதைச் சொல்லணும்னு நெனச்சேன். ஒருத்தராவது உள்ளத சொல்லுங்க.”

ஆறாவது வீட்டு அம்மாள் அவன் முழங்காலைப் பார்த்தாள். காயம் ஆறிவிட்டதா என்று கேட்க நினைத்தவள்போல் இருந்தாள். கேட்கவில்லை.

பெரியநாயகிதான் பேசினாள். “தம்பி, நீ நல்ல புள்ளையாத்தான் தெரியற. ஆனா கட்டம் போட்ட தாளோட வந்திருக்க. இந்தத் தெருவுல வெளியாள் மாடுன்னு ஒண்ணும் கெடையாது. அத மட்டும் எழுதிக்கோ. மத்ததுக்குப் பொய்யின்னு எழுதணும்னா எழுதிக்கோ. எங்களுக்கு அவமானம் இல்ல.”

ஏழு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் நிற்கிற மாதிரி இல்லை. பரிசு வாங்கிப் படம் எடுக்க நிற்கிற மாதிரி இருந்தது. அதுதான் வளவனுக்குப் புரியவில்லை.

“எழுதறதுக்கு முன்னாடி மோர் குடிச்சிட்டுப் போ” என்றார் அர்ச்சுனன்.

குடித்துவிட்டுத்தான் கிளம்பினான். மறுக்கத் தெரியவில்லை.

நிறுத்தத்தில் ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வளவன் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து முதல் தாளை முழங்காலில் விரித்தான். பேனாவைத் திறந்தான். ‘தவறான’ என்று எழுத வேண்டும். ‘த’ போடக் கை வரவில்லை. மூவாயிரம் கட்டையில் விரிசல் விட்டதைக் காது சொல்லிவிடும். இந்த ஏழு பேர் குரலிலும் விரிசல் இல்லை. தனக்குக் கேட்கத் தெரியவில்லையோ என்னவோ. தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். மறுபடி எடுத்தான். நாற்காலியை நினைத்துக்கொண்டு பேனாவை அழுத்திப் பிடித்தான். மறுபடி உள்ளே வைத்தான்.

எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் பருத்திக்கொட்டை மூட்டையோடு இறங்கினார். சட்டை வெளுத்திருந்தது. கையில் ஒரு தூக்கு. மூட்டையைத் தோளில் ஏற்ற வளவன் ஓடிப்போய் ஒரு கை கொடுத்தான்.

“நல்லா இரு தம்பி. இந்த ஊரா?”

“இல்லீங்க, டவுனு. கீழத்தெருவுக்கு வந்தேன். நீங்க?”

“நான் தெக்குத்தெரு. இப்ப தெரு இல்ல, பேரு மட்டும் இருக்குது. தங்கராசும்பாங்க. மாத்து மனை குடுத்த எடத்துல இருக்கேன்.”

“இவ்ளோ பெரிய மூட்டை யாருக்குங்க?”

தங்கராசு மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு தெருப் பக்கம் பார்த்தார்.

“என் மாட்டுக்குத்தான் தம்பி, மனை குடுத்த எடத்துல அதுக்குக் கட்டுத்தறி போட எடமில்ல, விக்கவும் மனசில்லன்னு அழுதுக்கினு நின்னேன், கீழத்தெருவுல ஆளுக்கு ஒரு நாளுன்னு ஏழு வூட்லயும் வெச்சிப் பாக்கறாங்க — வெள்ளிக்கிழமைன்னா அர்ச்சுனன் வூட்டு மொறதான?”

17.2.2006, வெள்ளி

நாளை சனிக்கிழமை. மூன்றரைக்குப் பெரியநாயகி அம்மா வீட்டில் இருக்க வேண்டும். மாடு அங்கே இருக்கும். ஆறரைக்கு ஏழு தாளையும் ஒரு எழுத்தும் மாற்றாமல் சாரிடம் கொடுக்க வேண்டும்.